ஆர்தர் வாங்கிய இடக்கை அக்சன்

1. தையல் மெசின்காரன்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவன் லண்டனில் துவக்குப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்துகிற பிட்டராக இருந்தவன் நான். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் மனைவி சறோவும் வாடகைக்கு இருந்தோம். ஜொப் சென்ரரில் ஓர் அட்டையில் பிட்டர் தேவை, நுட்பமான வேலை என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தேன். ரயில் பாலத்தின் வளைவொன்றுக்குள் அடைத்துக் கட்டிய பட்டறை. மேலே ரயில் போனால் மேசையில் கிடக்கும் அரங்கள் எல்லாம் கிலுகிலுக்கும். முதலாளி டெனிஸ், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர். என்ன படித்தாய், எங்கே வேலை செய்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஓர் உருக்குக் கட்டியையும் ஓர் அரத்தையும் தந்து, ஒரு பக்கத்தை மட்டமாக்கித் தரச் சொன்னார். தந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திங்கட்கிழமை போனபோதுதான் உள் அறையின் இரும்புக் கதவு திறந்திருந்தது. சுவரோடு வரிசையாகத் துவக்குகள் நின்றன. போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். டெனிஸ் பார்த்தார், விளங்கிக்கொண்டார். இவை கிளப்காரர் சனி ஞாயிறுகளில் கடதாசி வட்டத்தைப் பார்த்துச் சுடுகிற ரைபிள்கள், இங்கே ஒவ்வொன்றுக்கும் பொலிசில் பதிவு உண்டு, பிடிக்காவிட்டால் போகலாம், கோபிக்கமாட்டேன் என்றார். அப்படிச் சொன்ன ஆளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சறோவுக்குத்தான் சொல்லி மாளவில்லை.

"உலகத்தில வேற வேலையே இல்லையா உங்களுக்கு? ஆராவது கேட்டால் தையல் மெசின் திருத்திற இடமெண்டு சொல்லுங்கோ. வேற கதை வேண்டாம்."

சொன்னேன். அதன் பலனாக ஒரு மாதத்துக்குள் பிளேஸ்டோவில் இருந்த நம்மவர் வீட்டுத் தையல் மெசின்கள் எல்லாம் எங்கள் படியேறி வந்துவிட்டன. பொய்யைக் காப்பாற்ற நான் உண்மையிலேயே தையல் மெசின் திருத்தப் பழகவேண்டியதாயிற்று. இன்றைக்கும் சில கலியாண வீடுகளில் என்னைத் தையல் மெசின் அண்ணை என்றுதான் சொல்வார்கள்.

டெனிசை எப்படிக் கூப்பிடுவது என்பதும் ஒரு தலையிடியாக இருந்தது. எல்லோரும் டெனிஸ் என்பார்கள். வயதுக்கு மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. கடைசியில் மிஸ்டர் டெனிஸ் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தேன். அவர் சாகும்வரை அதுதான். அவரும் இனி வரப்போகிற ஒரு மனிசியும் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அவர்கள் பேச்சு என் பேச்சாகவே நினைவிருப்பதால், அப்படியே எழுதுகிறேன்.

2. எது மாறாமல் நிற்கும்

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் ரிசீவர் என்று எழுதியிருக்கும். எங்கள் பட்டறையில் அக்சன் என்போம். ரைபிளின் நடுவில் இருக்கும் உருக்குத் துண்டு அது. முன்பக்கத்தில் குழல் மரையில் ஏறும். நடுவில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் முன்னும் பின்னும் ஓடும். அடிப்பக்கம் மரக்கட்டையில் இறங்கி உட்காரும். மற்றதெல்லாம் மாறும். குழல் சுடச்சுடத் தேய்ந்துபோகும், புதிதாகப் போடலாம். மரக்கட்டை வெடித்தால் இன்னொன்று செதுக்கலாம். அக்சன் மட்டும் அப்படியே நிற்கும். பதிவு நம்பரும் அதில்தான் அடித்திருக்கும்.

அந்தக் காலத்தில் சில கிளப்காரர் தங்கள் ரைபிளைத் தாங்களே கட்டுவார்கள். அனுமதிப் பத்திரம் எடுத்து, அக்சனை வாங்கி, வீட்டுக் கராஜில் மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டு, குழல் பூட்டுகிற வேலைக்கும் சோதனைக்கு அனுப்புகிற வேலைக்கும் எங்களிடம் வருவார்கள். அப்படி வருகிறவர்கள் தேர்ந்தெடுத்து வந்த அக்சனைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று சொல்லிவிடலாம் என்பார் டெனிஸ். பளபளப்பைப் பார்த்து வாங்கினவன் ஒருவன், மலிவைப் பார்த்து வாங்கினவன் ஒருவன். உறுதியையும் நேரையும் பார்த்து வாங்கினவன் குறைவு.

போல்டின் கைபிடி வலப்பக்கம் இருக்கும், வலக்கையால் இழுப்பதற்கு. இடக்கைக்காரருக்கு என்று இடப்பக்கம் கைபிடி வைத்த அக்சனும் உண்டு. ஆனால் அபூர்வம். நான் சேர்ந்து சில வருடங்களாகியும் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். இரண்டாவது, மிஸிஸ் லேங்லி கொண்டுவந்தது.

3. கன்வஸ் பை

மிஸிஸ் லேங்லி எழுபதை அண்டியவர். கட்டையான உருவம், ஆண்பிள்ளைக் குரல். அவரும் கணவர் ஆர்தரும் டெனிசின் பழைய வாடிக்கையாளர்கள். ஆர்தர் ஆறடிக்கு மேல் என்றும், இரண்டு பேரும் ஒரே கிளப்பில் சுடுகிறவர்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆர்தரை நான் கண்டதில்லை. மறதி நோய் வந்து, வீட்டுக்குள்ளேயே இருந்து, அந்த மாரிக் குளிரில் இறந்துபோனார்.

வசந்தம் பிறந்தபோது மிஸிஸ் லேங்லி ஒரு நீளமான கன்வஸ் பையோடு வந்தார். ஆர்தர் கராஜில் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட ரைபிளின் பாகங்கள் அதில் இருந்தன. இறந்தவர் பெயரில் இருந்த அக்சனை அனுமதி பெற்ற ஒரு கடையில் ஒப்படைக்கும்படி பொலிஸ் சொல்லியிருந்தது. பையை மேசையில் வைத்துவிட்டுப் பொலிஸ் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். இடக்கையால்.

எங்களூரில் இடக்கையால் ஒன்றை நீட்டினால் அது கொடுப்பதில் சேராது. பிச்சைக்காரனுக்குக்கூட வலக்கையால்தான் போடுவோம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அரத்தைத் துடைக்கிற மாதிரிக் கையை மும்முரமாக வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். அதுவும் இடக்கை. தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தினார். இடக்கை. நான் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் டெனிஸ் ஒன்றையும் கவனிக்காமல் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டார்.

வீட்டுக்கு வந்து சறோவிடம் கொட்டினேன்.

"அவையளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள். "நீங்கள் வாங்காமல் விட்டனீங்களோ?"

"கடிதத்தை வாங்கேல்லை."

"பிஸ்கட்?"

"பிஸ்கட்டை எடுத்தனான்."

"அப்ப உங்கட மானம் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

4. பிழையான சாமான்

அன்றைக்குப் பட்டறையில் மிஸிஸ் லேங்லி கேட்டது பெரிய விசயமாகத் தெரியவில்லை. ஆர்தரின் ரைபிளைக் கட்டி முடித்து, கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் சுடுவதற்குக் கொடுக்கவேண்டும். ஆனால் அதற்கு முன், ஆர்தர் வாங்கிய சாமானும் செய்த வேலையும் சரியா பிழையா என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

டெனிஸ் பையை அவிழ்த்தார். அக்சனை எடுத்துத் திருப்பினார். போல்ட் கைபிடி இடப்பக்கம். ஆர்தர் வலக்கைக்காரர். பிறகு மரக்கட்டையை எடுத்தார். நல்ல வால்நட் மரம், கன்னம் வைக்கிற பகுதி இன்னும் செதுக்கப்படாமல் இருந்தது. ஆனால் தோளில் முட்டுகிற பின்புற நீளத்தை ஆர்தர் ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தார். ஆறடி ஆளுக்கு அது ஓர் அங்குலத்துக்கும் மேலே குட்டை. நல்ல மரம் வீண்.

டெனிசின் முகத்தைப் பார்த்ததுமே மிஸிஸ் லேங்லிக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஆறுதலுக்கெண்டு ஒண்டும் சொல்ல வேண்டாம், டெனிஸ். இதை அவர் வாங்கினது ஒரு வசந்தகாலம். அடுத்த மாரியிலதான் டொக்டர் மறதி வருத்தத்தின்ர பேரைச் சொன்னவர். இடையில ஒரு கோடை. நாங்கள் ரெண்டு பேரும் கடற்கரையில ஒரு வீடெடுத்துத் தங்கினனாங்கள். கலியாணம் கட்டின காலம் முழுக்கப் பேசாத மனிசன் அங்க பேசினவர். அதையெல்லாம் பேசினது அவரா, அவற்ற வருத்தமா எண்டு எனக்குத் தெரிய வேணும். இதை வாங்கேக்கை அவருக்குப் புத்தி பிசகியிருந்தால், அந்தக் கோடையும் அவர் இல்லை."

ஆர்தர் அங்கே என்ன பேசினார் என்று நாங்கள் மிஸிஸ் லேங்லியிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதுவரை எனக்கு அவர் மரியாதை தெரியாத மனிசி. அந்தப் பேச்சைக் கேட்டதும் எழும்பிப் போய் அவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தேன்.

டெனிஸ் பொய் சொல்லத் தெரியாதவர். தன் வாடிக்கையாளரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அக்சன் நல்ல அக்சன்தான், ஆனால் ஆளுக்குப் பிழை, கட்டையின் நீளமும் பிழை, என்றார். மிஸிஸ் லேங்லி தலையை ஆட்டினார். இதை விற்றுவிட்டு வலக்கை அக்சன் ஒன்று எடுப்பது, கட்டையின் பின்பக்கத்தில் துண்டு வைத்து நீளமாக்குவது என்று முடிவாயிற்று. ஓடர்க் கடதாசியில் மிஸிஸ் லேங்லி கையெழுத்துப் போட்டார். அதை வலக்கையால் அழகாகப் போட்டார். ஓகோ, எழுதுவதற்கு மட்டும் வலக்கை, எனக்கு மட்டும் இடக்கையா என்று எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

5. கோடு கீறிய கை

பழைய அக்சனைக் கழற்றி அளவெடுக்கிற வேலை என்னிடம் வந்தது. ஆர்தர் மரக்கட்டையில் அக்சன் இறங்குவதற்காகக் குடைந்திருந்த பள்ளத்தைப் பார்த்தேன். விளக்குக் கரியை அக்சனின் அடியில் தேய்த்து, பள்ளத்தில் இறக்கி எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கரி ஒட்டின இடம்தான் தொடுகிற இடம். ஆர்தரின் பள்ளத்தில் கரி தொடவேண்டிய இடங்களில் மட்டும் தொட்டிருந்தது. போல்டுக்கான வெட்டு இடப்பக்கத்தில் சுத்தமாக இறங்கியிருந்தது. பென்சில் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து அளந்து கீறப்பட்டிருந்தன. ஒன்றுகூட அழித்துக் கீறினதாக இல்லை.

நான் டெனிசைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிசகின ஆள் இப்படிக் கோடு கீறுவாரோ, மிஸ்டர் டெனிஸ்?"

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். தலை மறந்தாலும் கை மறக்காது, என் தகப்பனையும் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், ஆளை யார் என்று தெரியாத நாளிலும் கதவை நிலையில் தூக்கிப் பிணைச்சல் பூட்டுவார் என்றார். அது நியாயமான பேச்சு. நல்ல வேலை என்பதால் அது சரியான வேலை என்றாகிவிடாது. பிழையான அக்சனைச் சரியாக இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் மனம் கேட்கவில்லை. அந்தக் கோடுகளை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் போய், இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

புதிய அக்சன் வர நாளெடுத்துச் சுணங்கியது. அது எங்கள் அதிர்ஷ்டம்.

6. கண்ணாடி

மிஸிஸ் லேங்லி இன்னொரு நாள் வந்தார், தன் சொந்த ரைபிளைச் சர்வீஸ் பண்ண. கிளப்பில் எத்தனையோ வருடமாக வலத்தோளில் வைத்துச் சுடுகிற ரைபிள். அதோடு, சுடும்போது போடுகிற கண்ணாடியின் காதுக் கம்பியில் ஓர் ஆணி கழன்றிருக்கிறது, பார்த்துத் தரமுடியுமா என்று கண்ணாடியை நீட்டினார்.

இடக்கைதான். என் கண் வழக்கம்போல முதலில் அந்தக் கையில் போய் நின்றது. அந்தக் கை பிடித்திருந்த கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் ஒரு துண்டு வெள்ளைப் பசைநாடா, நாங்கள் சொல்கிற ரேப், ஒட்டியிருந்தது.

இப்படி ரேப் ஒட்டுகிறவர்கள் வேறு சிலரையும் கண்டிருக்கிறேன். குறி பார்க்காத கண் நடுவில் வந்து குழப்பினால் அதை மறைத்துவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் கையும் அந்தக் கண்ணும் ஒன்றாக என் முன்னால் நின்றன. ஏன் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கண் எப்பவும் முந்திக்கொண்டு பாக்கும்" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்தர்தான் புது ரேப் ஒட்டித் தாறவர். இது அவர் கடைசியா ஒட்டினது. மாத்த மனமில்லை."

அப்போதுதான் எனக்கு ஆர்தரின் இடக்கை அக்சன் நினைவுக்கு வந்தது. கண்ணாடியை வாங்கினேன், கடிதத்துக்குச் செய்த மாதிரி அரம் துடைத்துக்கொண்டு நிற்கவில்லை. போத்தல் மூடி திறப்பது எந்தக் கையால், ஊசியில் நூல் கோப்பது எந்தக் கையால், கத்தி பிடிப்பது எந்தக் கையால் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பதில் சொன்னார். எல்லாம் இடக்கை. எழுதுவது மட்டும் வலக்கை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இடக்கையைப் பின்னால் கட்டிவிட்டுத்தான் எழுதப் பழக்கினார்களாம். எங்களூரில் மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைத்திருந்தேன். கிளப்பில் சேர்ந்தபோது இருந்த ரைபிள்கள் எல்லாம் வலக்கை ரைபிள்கள். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் ஆறுதலுக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னவர். ஆகவே நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் டெனிசிடம் சொன்னேன். ரேப்பைச் சொன்னேன், போத்தல் மூடியைச் சொன்னேன். டெனிஸ் கையில் இருந்ததை வைத்துவிட்டு எழும்பி வந்தார். மிஸிஸ் லேங்லியை இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு துவாரம் வைக்கச் சொல்லி, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். இடக்கண்ணை மூடினால் மணிக்கூடு மறைந்தது. அப்படியென்றால் குறி பார்க்கிற கண் அதுதான்.

டெனிஸ் ஆர்தரின் மரக்கட்டையை எடுத்தார். மிஸிஸ் லேங்லியின் இடமுழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். துவக்குக் கட்டுகிறவர்கள் நீளம் பார்க்கிற பழைய முறை அது. விரலின் முதல் மடிப்பு வந்து நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. ஆறடி ஆளுக்குக் குட்டையாகப் போன அந்தக் கட்டை, மிஸிஸ் லேங்லிக்கு அளவெடுத்து வெட்டியதாக இருந்தது. வெட்டியதும் அப்படித்தான்.

"நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார் டெனிஸ். "அக்சனும் பிழையில்லை, நீளமும் பிழையில்லை. ஆளைத்தான் நாங்கள் மாறி நினைச்சனாங்கள். ஆர்தர் இதைத் தனக்குக் கட்டேல்லை. வருசக்கணக்கா உங்கட கண்ணுக்கு ரேப் ஒட்டின மனிசனுக்கு, எந்தக் கண் பாக்க ஆசைப்படுகுது எண்டு தெரியாமல் இருக்குமோ?"

மேலே ரயில் ஒன்று போயிற்று. மேசையில் அரங்கள் கிலுகிலுத்தன. மிஸிஸ் லேங்லி மரக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆர்தர் சொல்லாமல் கட்டியிருக்கிறார், கட்டி முடித்துத்தான் காட்டியிருப்பார், அவர் அப்படித்தான் எதையும் செய்வார் என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்தக் கோடையும் அவர்தான்" என்றார்.

டெனிஸ் ஓம் என்று தலையாட்டினார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் பின்பக்கம் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

7. பொருத்திய விதம்

வலக்கை அக்சனுக்குக் கொடுத்த ஓடரை டெனிஸ் அன்றைக்கே ரத்துச் செய்தார். கிளப்புக்குக் கொடுக்கிற பேச்சும் அத்தோடு நின்றது. பொலிசில் அந்த அக்சனை மிஸிஸ் லேங்லியின் பத்திரத்துக்கு மாற்ற எடுத்த காலத்தில் நாங்கள் வேலையை முடித்தோம். புதுக் குழலை டெனிஸ் தானே பூட்டினார். நான் ஆர்தரின் பள்ளத்தில் அதிகம் கை வைக்கவில்லை. ரெசின் பசை ஊற்றி அக்சனை உட்காரவைப்பது வழக்கம், அதற்காகக் கொஞ்சம் இடம் எடுக்கவேண்டும். அவருடைய பென்சில் கோடுகள் தெரிகிற பக்கத்தை விட்டுவிட்டு அடியில் மட்டும் எடுத்தேன். அக்சனின் திருகாணிகளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தபோது குழல் நுனி அசையவில்லை. அசைந்தால் எங்கோ இழுபறி இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை. கன்னம் வைக்கிற பகுதியை மிஸிஸ் லேங்லியின் இடக்கன்னத்துக்கு அளவு பார்த்து வலப்பக்கத்தில் செதுக்கினேன். பிறகு சோதனைக்கு அனுப்பினோம். அங்கே வழக்கத்தைவிடக் கூடிய வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, முத்திரை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டெனிஸ் என்னைக் கேட்டார். இவ்வளவு காலம் பழகிய நானே காணவில்லை, நீ எப்படிக் கண்டாய் என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். உங்கள் வாடிக்கையாளர் எனக்கு இடக்கையால் நீட்டுகிறார் என்று முதல் நாளிலிருந்து கோபத்தில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். டெனிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மிஸிஸ் லேங்லிக்குப் போன் பண்ணிச் சொல்லியும் விட்டார். இந்த வெள்ளைக்காரருக்கு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாது.

கோடையில் லண்டனுக்கு வெளியே சரே பக்கத்துச் சுடுதளத்துக்கு டெனிஸ் என்னையும் கூட்டிப்போனார். ரைபிளைக் கட்டியவன் அது சுடுவதை ஒருநாளாவது பார்க்கவேண்டும் என்பது அவர் கட்டளை. துவக்குச் சத்தத்துக்கு இன்றைக்கும் எனக்குப் பயம்தான். அன்றைக்குக் காதுக்கு மேலே மறைப்புப் போட்டுக்கொண்டு, ஒரு வாங்குப் பலகையில், அதன் விளிம்பை இறுக்கப் பிடித்தபடி இருந்தேன். மிஸிஸ் லேங்லி பாயில் குப்புறப் படுத்து, ரைபிளை இடத்தோளில் வைத்தார். கண்ணாடியில் ரேப் இல்லை. அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார்.

முதல் நாள் அவர் நன்றாகச் சுடவில்லை. எழுபது வயதில் தோள் மாற்றுவது லேசா? கை தானாக வலப்பக்கம் போல்டைத் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. குறி பிழைத்த ஒவ்வொரு தடவையும் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அடுத்தடுத்த கிழமைகளில் குண்டுகள் நடுவுக்கு வரத் தொடங்கின என்று டெனிஸ் சொன்னார்.

8. டின்

நான் அதற்குப் பிறகு எத்தனையோ அக்சன்கள் பார்த்துவிட்டேன். தொண்ணூறுகளில் டெனிஸ் பட்டறையை மூடியபின் வேறு இடங்களில் வேறு சாமான்களும் பொருத்தியிருக்கிறேன். பிட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் சொல்வேன். ஒருவர் கொண்டுவருகிற சாமான் அவருக்குப் பொருந்தவில்லை என்றால், பிழை என்று எறியமுன், அது யாருக்குப் பொருந்தும் என்று ஒருதரம் யோசியுங்கள். சாமானை அளக்க எல்லாக் கருவியும் மேசையில் இருக்கிறது. ஆளை அளக்க உங்கள் கண்தான் இருக்கிறது. அந்தக் கண் என்னுடையதைப் போலக் குற்றம் பார்க்கிற கண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, பார்க்கட்டும்.

அந்த வருடம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை மிஸிஸ் லேங்லி கடைசியாகப் பட்டறைக்கு வந்தார். தான் செய்த கேக், ஒரு பெரிய தகர டின்னில். டெனிஸ் சொன்ன கதை அவர் மனதில் நன்றாகப் பதிந்திருக்கவேண்டும். டின்னை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றி, அந்தப் பழக்கமில்லாத கையால் எனக்கு நீட்டினார். டின் சரிந்தது, விழப் பார்த்தது.

"இடக்கையாலேயே தாங்கோ, மிஸிஸ் லேங்லி" என்றேன்.

அவர் மாற்றி நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.